புனலூரிலிருந்து வந்த 21 பிலிம் கேமராக்கள்: வாங்கியதும் பழுது பார்த்ததும் கொடுத்ததும்

கடந்த ஆண்டு வைகாசிக் கடைசியில், சாரல் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பாக, கேரளத்தின் புனலூரில் பழைய சாமான்களை வாங்கி விற்கும் ஒரு கடையிலிருந்து இருபத்தொரு பிலிம் கேமராக்களை மொத்தமாக 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவின் சாமான்களும், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் வீட்டு அலமாரிகளிலிருந்து வந்தவையும் அந்தக் குவியலில் கலந்திருந்தன. தனித்தனியாகப் பொறுக்கி எடுக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. எடுத்தால் மொத்தமாக எடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அலமாரியில் அடுக்கி வைக்கும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஓடக்கூடியவற்றைச் சரிசெய்து, படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடுதான் வாங்கினேன்.

ஆகவே இந்தக் குவியலை லென்ஸின் தரத்தையோ கம்பெனியின் பெயரையோ வைத்து நான் மதிப்பிடப்போவதில்லை. கேமராவைப் பெற்றவர், நான் உடன் கொடுத்த முதல் ரோலை முடித்த பிறகு, என்னைக் கேட்காமல் தானாக இரண்டாவது ரோலை வாங்கிப் போட்டாரா என்பதுதான் என் அளவுகோல். அந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்றில் பதின்மூன்று ஓடின, பன்னிரண்டைக் கொடுத்தேன், இன்றைய தேதிக்கு ஏழு பேர் இரண்டாவது ரோல் போட்டிருக்கிறார்கள். குவியலிலேயே மிகச் சிறந்த லென்ஸ் உள்ள கேமரா அந்த ஏழில் இல்லை.

வந்தவற்றின் விவரம் இது. இந்தியாவில், பரோடாவில், தயாரான ஆக்பா கிளிக் III நான்கு. யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் இரண்டு. யாஷிகா எஃப்எக்ஸ்-3 இரண்டு. யாஷிகா மேட் 124ஜி ஒன்று. ஒலிம்பஸ் டிரிப் 35 ஒன்று. ரஷ்யாவின் செனிட் ஈ ஒன்று. கோடாக் கேபி10 நான்கு. ஹாட் ஷாட் மூன்று. தானே போகஸ் செய்து தானே ரோல் சுற்றும் ஜப்பானியச் சிறு கேமராக்கள் மூன்று. இவற்றோடு ஒரு துணிப்பை நிறைய பழைய ஃபிளாஷ்களும், பில்டர்களும், ‘இந்து’ (INDU) என்ற பெயரில் விற்ற பிலிமின் காலிப் பெட்டி ஒன்றும் வந்தன. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் பெட்டி அது. அந்த ஆலை இன்று இல்லை. நம் மலையிலேயே தயாரான பிலிமைப் போட்டு நம் ஊர்க் கல்யாணங்களை எடுத்த காலம் ஒன்று இருந்தது என்பதற்காக, அந்தப் பெட்டியை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

கடையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால், ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொடுக்கல் வாங்கலும் சம்பந்தமும் இன்றுவரை இருக்கின்றன. புனலூர்க் கடைக்காரர்கள் நம்மிடம் தமிழிலேயே பேசுவார்கள். இவரும் போனில், "எல்லாம் கிளிக் ஆகும் அண்ணாச்சி, நான் ஓரோன்னும் அமுக்கிப் பார்த்தது" என்று சொல்லி, ஒவ்வொன்றின் ஷட்டரையும் அமுக்கி வீடியோவும், கூடவே படங்களும் அனுப்பினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஷட்டர் சத்தம் கேட்பதும் கேமரா ஓடுவதும் ஒன்றல்ல என்பதை வாங்குகிறவர்கள்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். படங்களை வெயிலில் மேலிருந்து எடுத்திருந்ததால் லென்ஸுக்குள் இருந்த பூஞ்சை ஒன்றிலும் தெரியவில்லை. படத்தில் லென்ஸோடு இருந்த ஒரு எஃப்எக்ஸ்-3, பார்சலைப் பிரித்தபோது லென்ஸ் இல்லாமல் இருந்தது. மூன்று முறை போன் செய்த பிறகு, இரண்டு வாரம் கழித்து, அந்த லென்ஸ் தென்காசி பஸ்ஸில் ஒரு பிஸ்கட் டப்பாவில் வந்து சேர்ந்தது. இரண்டு கேபி10களுக்குள் பேட்டரியைப் போட்டபடியே வருடக்கணக்கில் விட்டிருந்ததால், பேட்டரி கசிந்து, தகடுகள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தன. இவற்றை மறைத்து விற்றார் என்று நான் நினைக்கவில்லை. பார்க்கத் தெரியாமல் விற்றார். 11,000 ரூபாய்க்கு அது எனக்கு ஏற்கத்தக்கதாகவே இருந்தது. ஆனால் ஓடும் என்று நம்பி ஒரே ஒரு கேமராவை அந்த வீடியோவைப் பார்த்து வாங்கியிருந்தால் நான் மிகவும் மனம் நொந்திருப்பேன்.

பூஞ்சையைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் பழைய கேமரா வாங்குகிறவருக்கு முதல் எதிரி அதுதான். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே இறங்கும் ஈரக்காற்று, துவைத்த துணியையே மூன்று நாள் காயவிடாது. மூடிய தோல் உறைக்குள் இருக்கும் கண்ணாடியை அது என்ன பாடு படுத்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தால், சிலந்தி வலையின் கிழிந்த துண்டைப் போல மெல்லிய இழைகள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் பரவியிருப்பது தெரியும். தூசும், எண்ணெய்ப் பிசுக்கும், ஈரமும் சேர்ந்த இடத்தில் அது வளர்கிறது. வெளியேற்றும் அமிலம் கண்ணாடிமேல் உள்ள பூச்சை அரித்துவிட்டால், பூஞ்சையைத் துடைத்த பிறகும் அதன் தடம் கண்ணாடியில் பொறித்தது போல நின்றுவிடும். அதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை.

நான் செய்தது இதுதான். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அம்மோனியாக் கரைசலையும் சம அளவில் கலந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் மிகக் குறைவாகத் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டமாகத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்து எடுத்தேன். எட்டு லென்ஸ்களில் பூஞ்சை இருந்தது. ஆறு முழுமையாகத் தெளிந்தன. ஒன்றில் விளிம்போரம் தடம் நின்றது, படத்தில் அதன் பாதிப்பு தெரியவில்லை. இன்னொன்று செனிட்டின் 58 மி.மீ. ஹீலியோஸ், அதன் பூஞ்சை நடுக்கண்ணாடிவரை போய்ப் பூச்சைத் தின்றிருந்தது. செனிட்டின் ஷட்டர் துணியிலும் ஊசித்துளை அளவில் ஓட்டைகள் இருந்ததால், அதை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

இனி ஒவ்வொன்றாக. எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் 1973இல் வெளிவந்தது, 45 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ், வெளிச்சம் புகும் துவாரத்தின் அளவை நாம் வைத்தால், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கேமராவே முடிவு செய்யும். குவியலில் இதைவிட அழகாக எழுதும் லென்ஸ் வேறில்லை. இந்தக் கேமராவை வாங்கும்போது கண்ணைவிடக் காது முக்கியம்: லீவரைத் தள்ளி ரோலைச் சுற்றும்போது உள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால், உள்ளே இருக்கும் ஒரு சிறு ரப்பர் திண்டு காலத்தால் கரைந்து போய்விட்டது என்று பொருள்; கேமராவின் நேரக் கணக்கு முழுவதும் அந்தத் திண்டை நம்பியே இருக்கிறது. என்னிடம் வந்த இரண்டிலும் சத்தம் இல்லை. ஒன்றின் மேல்மூடியையும் பின்னர் முன்பகுதியையும் கழற்றி, தாராக உருகியிருந்த பழைய திண்டைச் சுரண்டி எடுத்து, சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. இரண்டாவது முறை மூடி லீவரைத் தள்ளியபோது ‘டொக்’ என்று கேட்டது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி அந்தக் கேமராவின் மீதான என் தீர்ப்பைக் கொஞ்சம் கெடுத்துவிட்டது என்றே இப்போது நினைக்கிறேன். மற்றொன்றில் மின்பகுதியே செத்துப்போயிருந்தது.

சரியான அந்த எலக்ட்ரோவைக் கொல்லத்தில் கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகனுக்குக் கொடுத்தேன். அது நான் செய்த தவறான முடிவு. இந்தக் கேமராவுக்காக உண்டாக்கப்பட்ட 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. சின்ன 6 வோல்ட் பேட்டரியைப் போட்டு, மீதி இடத்துக்கு ஸ்பிரிங் வைத்து நிரப்ப வேண்டும். அவன் விடுதியில் எடுத்த முதல் ரோலின் நடுவில் அந்த ஸ்பிரிங் நகர்ந்துவிட்டது. மின்சாரம் இல்லாவிட்டாலும் இந்தக் கேமரா நின்றுவிடாது. நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்தில் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வெயிலில் நின்றால் படம் வந்திருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் இருபது படங்கள் வெறும் கண்ணாடித்தாள் போல வந்தன. "மாமா, நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்றுதான் அவன் சொன்னான். அவன் எதையும் தப்பாக அமுக்கவில்லை. பின்பக்கப் பொத்தானை அமுக்கி விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படிச் சொல்லிக் கொடுத்தே ஆகவேண்டிய கேமராவைப் பழக்கமில்லாதவனிடம் கொடுத்திருக்கவும் கூடாது. இரண்டு மாதத்தில் அது என்னிடமே திரும்பி வந்தது. அதற்குப் பதிலாக எஃப்எக்ஸ்-3 ஒன்றைக் கொடுத்தேன்.

எஃப்எக்ஸ்-3 வெளித்தோற்றத்துக்கு ஏழை. அதன் மேல் ஒட்டிய தோல் போன்ற உறை சுருங்கி, விளிம்பெல்லாம் உரிந்து, தொட்டால் துகளாக உதிரும். இந்த வரிசைக் கேமராக்கள் அனைத்துக்கும் உள்ள நோய் அது. ஆனால் ஷட்டர் முழுவதும் இயந்திரம். உள்ளே போடும் இரண்டு பொத்தான் பேட்டரிகள் வெளிச்சத்தை அளந்து சொல்வதற்கு மட்டுமே, அவை தீர்ந்துபோனாலும் எல்லா வேகங்களும் ஓடும். பழைய உறையை நகத்தாலேயே உரித்து, மிஞ்சிய பசையை ஆல்கஹாலால் துடைத்து, பைக் சீட் தைக்கும் கடையில் மிச்சமாகக் கிடந்த மெல்லிய கறுப்பு ரெக்ஸினைக் காகித அச்சு வைத்து வெட்டி ஒட்டினேன். பின்மூடியின் ஓரங்களில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை இரண்டு கேமராக்களிலும் ஒட்டும் தாராக மாறியிருந்தது. பல்குத்தும் குச்சியால் அதைப் பள்ளத்திலிருந்து வழித்தெடுக்க ஒரு கேமராவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தும், கீல் பக்கம் வெல்வெட் துணியை ஒட்டியும் மூடினேன்; வெயிலில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்த சோதனை ரோலில் ஒரு கீற்றும் விழவில்லை.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். கண்ணாடி மேலே எழும் வகைக் கேமராக்களில், அந்தக் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலப் பின்னால் இல்லை. விரலை வைத்தால் ரேகை நிற்கும், துணியால் துடைத்தால் கீறல் நிற்கும். காற்றை ஊதும் ரப்பர் குமிழைத் தவிர வேறு எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. அதற்கு மேலே இருக்கும் சொரசொரப்பான திரையும் அப்படித்தான். முதல் எஃப்எக்ஸ்-3இன் திரையில் ஒட்டியிருந்த நுரைத் துகளைத் துடைக்கப் போய், நான் ஏற்படுத்திய கறை இன்றும் அதில் இருக்கிறது. படத்தில் விழாது, ஆனால் பார்க்கும்போதெல்லாம் தெரியும்.

டிரிப் 35 பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. ஒலிம்பஸ் கம்பெனி இதை 1967 முதல் 1984 வரை செய்தது. ஒரு கோடிக்கு மேல் விற்றது. லென்ஸைச் சுற்றி மணிமணியாக இருக்கும் கண்ணாடி வளையத்துக்கு அடியில் செலினியம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதுவே சிறிது மின்சாரத்தை உண்டாக்கி, முள்ளை நகர்த்தி, துவாரத்தையும், நாற்பதில் ஒரு பங்கு, இருநூறில் ஒரு பங்கு என்ற இரண்டே வேகங்களில் ஒன்றையும் தேர்ந்தெடுக்கும். பேட்டரியே கிடையாது. வெளிச்சம் போதாவிட்டால், பார்க்கும் ஜன்னலில் ஒரு சிவப்புக் கொடி எழுந்து நின்று, ஷட்டர் விழாமல் தடுத்துவிடும். பாழாகப்போகும் ஒரு பிலிம் படத்தை அது காப்பாற்றிக் கொடுக்கிறது. வாங்கும்போது கையால் லென்ஸை மூடி அமுக்குங்கள்: கொடி எழ வேண்டும். வெயிலில் காட்டி அமுக்குங்கள்: ஷட்டர் விழ வேண்டும். இரண்டும் நடந்தால் செலினியம் உயிரோடு இருக்கிறது. எனக்கு வந்ததில் செலினியம் நன்றாக இருந்தது, துவாரத் தகடுகள் மட்டும் பழைய எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. முன் லென்ஸைக் கழற்றி, லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலைத் துளித்துளியாக விட்டு, தகடுகளை நூறு முறை இயக்கி, உறிஞ்சுதாளால் ஒற்றி எடுத்தபோது சரியாயிற்று. அந்த லென்ஸைத் திரும்பப் பூட்டும்போது, தொலைவுக் குறி சரியான இடத்தில் வருகிறதா என்பதைக் கழற்றுவதற்கு முன்பே போட்ட பென்சில் கோட்டை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜப்பானியக் கூட்டல்குறித் திருகுகளுக்கு நம் கடைகளில் கிடைக்கும் ஸ்குரூ டிரைவரின் முனை சரியாகப் பொருந்தாது, தலை மழுங்கிவிடும். அதற்கென உள்ள ஜப்பானிய அளவு முனையை 600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முழு வேலையிலும் மிக நல்ல செலவு அதுதான்.

டிரிப்பை, மீட்டர் கேஜ் காலத்தில் செங்கோட்டை–புனலூர்ப் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவருக்குக் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டரி எங்கன போடணும் தம்பி?" என்று கேட்டார். போட வேண்டியதில்லை என்றேன். "அப்ப இது நம்ம ஆளு" என்றார். தலை ஒன்று, தலை இரண்டு, தலை மூன்று, மலை என்று லென்ஸின் மேல் இருக்கும் நான்கு படங்களைப் பார்த்துத் தொலைவை வைப்பதை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் பாலத்தை அவர் மலைக் குறியில் வைத்து எடுத்த படம் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ரயில் நின்ற 2010க்கும், அகலப்பாதையில் மறுபடி ஓடத் தொடங்கிய 2018க்கும் இடையில் அந்தப் பாலத்தின்மேல் நடந்து போனதைப் பற்றி ஒவ்வொரு முறையும் சொல்வார். இரண்டாவது ரோல் மட்டுமல்ல, நான்காவது ரோலும் முடித்துவிட்டார்.

மேட் 124ஜியைப் பழுது பார்த்தது எளிது, கொடுத்தது அதைவிட எளிது. 80 மி.மீ. எஃப்/3.5 யாஷினான் லென்ஸின் முன்பகுதி கையாலேயே சுழன்று வந்துவிட்டது. பூஞ்சை முழுவதும் போயிற்று. மெதுவான வேகங்கள்தான் திணறின. ஒரு நொடிக்கு வைத்தால் நான்கு நொடி திறந்திருந்தது. கெட்டியான கிரீஸைக் கரைத்தபின், தென்காசியில் முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்தி ஓய்வில் இருக்கும் ஒருவரிடம் காட்டச் சென்றேன். அவர் காதோரம் வைத்து, ஒவ்வொரு வேகமாகக் கேட்டுக்கொண்டே வந்து, "எட்டுல ஒண்ணு மட்டும் கொஞ்சம் இழுக்குது தம்பி, மத்ததெல்லாம் கரெக்டு" என்றார். வீட்டுக்கு வந்து போனில் ஒலியைப் பதிவு செய்து அளந்தேன். எட்டில் ஒரு பங்குதான் ஆறில் ஒரு பங்காக இழுத்தது. கேமராவை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவருடைய சொந்த மேட், ஸ்டுடியோவை மூடியபோது விற்றுப்போனதாம்.

கிளிக் III நான்கில் மூன்று ஓடின. நான்காவதைப் பிரித்து மற்ற மூன்றுக்கும் ஸ்பிரிங்கும் திருகும் எடுத்தேன். 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள், ஒற்றைக் கண்ணாடி, ஏறத்தாழ ஒரே வேகம். முதுகில் உள்ள சிவப்பு ஜன்னலில் எண்ணைப் பார்த்துச் சுற்ற வேண்டும். பார்க்காத நேரத்தில் கறுப்பு டேப்பால் மூடி வைப்பது நல்லது. வேகம் குறைந்த, அதாவது வெளிச்சத்தைக் குறைவாக உணரும் பிலிம்தான் இதற்குப் பொருந்தும். 400 வேக பிலிமைப் போட்டு நம் வெயிலில் எடுத்தால் நெகட்டிவ் அடர்ந்து கறுத்துவிடும். ஷட்டர் மெதுவானது என்பதால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, மூச்சை அடக்கி அமுக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்ததும் புளியரையில் ரப்பர் வெட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், "மூச்ச அடக்குனா கை ஆடாதா மாமா?" என்று கேட்டு, அங்கேயே காலி கேமராவை வைத்துப் பத்து முறை பழகினாள். அவள் எடுத்த பன்னிரண்டில் ஒன்பது தெளிவாக இருந்தன. அதிகாலையில் பால் வடியும் சிரட்டையை அருகில் போய் எடுத்த மூன்று மட்டும் மங்கல். அந்தக் கேமராவால் அவ்வளவு அருகில் பார்க்க முடியாது என்பதை அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

கேபி10களும் ஹாட் ஷாட்களும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கசிந்த பேட்டரியின் பச்சையை எலுமிச்சைச் சாறு தொட்ட குச்சியால் கரைத்துத் தேய்த்தால் தகடு வெளுக்கிறது. ஷட்டருக்குப் பேட்டரி தேவையில்லை, ஃபிளாஷுக்கு மட்டும்தான். ஐந்து ஓடின. மூன்று ஜப்பானியத் தானியங்கிக் கேமராக்களில் ஒன்றுகூட எழவில்லை. அவற்றில் ஒன்றைத் திறந்தபோது ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் பகுதியில் விரல் பட்டு, தோள்பட்டை வரை அடித்தது. விரல்நுனி இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. பேட்டரியை எடுத்த பிறகும் அந்தப் பகுதியில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிக்கத் தெரியாதவர்கள் ஃபிளாஷ் உள்ள எந்தக் கேமராவையும் திறக்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஐந்து எளிய கேமராக்களையும் ஓர் அரசுப் பள்ளியில் ஆசைப்பட்ட ஐந்து மாணவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். முதல் ரோலை ஐவருமே ஒரே வாரத்தில் முடித்தார்கள். இரண்டாவது ரோலைப் போட்டவன் ஒருவன் மட்டுமே. காரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை: முப்பத்தாறு படம் உள்ள ஒரு கலர் ரோல் இன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது, கழுவுவதற்கும் ஸ்கேன் செய்வதற்கும் தனியே கொடுக்க வேண்டும். என் கணக்கும் அதையே சொல்கிறது. கேமராக்களுக்கு 11,000, கருவி, மருந்து, ரெக்ஸின், நூல் எல்லாம் சேர்த்து 4,200, பன்னிரண்டு பேருக்கும் உடன் கொடுத்த ரோல்களுக்கு மட்டும் 12,400. பிலிம், கேமராக்களையும் மிஞ்சிவிட்டது. அடுத்த முறை பள்ளிக்குக் கொடுப்பதானால் ஐந்து கேமராவும் ஐந்து ரோலும் கொடுக்க மாட்டேன். ஒரே ஒரு கேமராவை ஆசிரியர் பொறுப்பில் வைத்து, அதே பணத்தில் ரோல்களும், கழுவும் டாங்கும் வாங்கிக் கொடுப்பேன்.

கழுவுவதை வீட்டிலேயே செய்துகொண்டால் செலவு வெகுவாகக் குறைகிறது. தொடக்கத்தில் நான் ஒரு நகரத்து லேபுக்கு அனுப்பினேன். மூன்று ரோல்களில் ஒன்றின் நெகட்டிவைப் படத்தின் நடுவிலேயே வெட்டி அனுப்பினார்கள். கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. அன்று முதல் கறுப்பு வெள்ளையை நானே கழுவுகிறேன். டி-76 என்னும் டெவலப்பர் மருந்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம் என்று எடைபோட்டுக் கலக்கலாம். பாக்கெட்டில் சொல்லும் 20 டிகிரி நம் குழாயில் ஒருபோதும் வராது. மருந்துப் பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட வாளியில் வைத்துக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும், அல்லது சூட்டுக்கேற்ப நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். புளியரைப் பெண்ணும், கல்லூரியில் படிக்கும் அக்காள் மகனும் இதை என் வீட்டுக் கிணற்றடியில் வந்து கற்றுக்கொண்டார்கள். படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஹைப்போவிலிருந்து எடுத்து முதல் முறை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தபோது, தன் அம்மாவின் முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் இருப்பதைக் கண்டு அந்தப் பெண் வெகுநேரம் அசையாமல் நின்றாள். இரண்டாவது ரோலை அவள் தன் உண்டியல் காசில் வாங்கினாள். நான் பணம் கொடுக்க முன்வந்தும் வாங்கவில்லை.

கொடுப்பதற்கென்று பழைய கேமராக்களை மொத்தமாக வாங்க நினைப்பவர்களுக்கு இந்தக் கடையைப் பரிந்துரைப்பேனா என்று கேட்டால், நேரில் போவதானால் பரிந்துரைப்பேன். சிறு டார்ச், 6 வோல்ட் பேட்டரி ஒன்று, பொத்தான் பேட்டரி இரண்டு, சாதா பேட்டரி இரண்டு, ஓடாத பழைய ரோல் ஒன்று ஆகியவற்றைக் கையில் கொண்டு போக வேண்டும். பின்மூடியைத் திறந்து பார்க்கவோ, வெயிலில் கொண்டுபோய்ச் சோதிக்கவோ கடைக்காரர் தடை சொல்வதில்லை. வாங்கியதைச் சாரல் காலத்தில் தோல் உறையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடலாம். குவியலில் பேட்டரி தேவைப்படாத கேமராக்கள் பாதிக்கு மேல் இருந்தால் வாங்குங்கள். தானியங்கிகள் பாதிக்கு மேல் இருந்தால், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

எலக்ட்ரோ என்னிடம்தான் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் பித்தளைக் குழாயைக் கடைந்து பேட்டரிக்கு உறை செய்து வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக நகரவில்லை. போன வாரம் கடைக்காரர் மறுபடி போன் செய்தார்: தென்மலைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து ஒன்பது கேமராக்கள் வந்திருக்கின்றன, அதில் லென்ஸைச் சுற்றி மணிமணியாகக் கண்ணாடி வளையம் உள்ளவை இரண்டு. வீடியோ அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.